தடி ஒன்றே கையில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இந்த மேடையில் பேச வருவோர் வள்ளுவரின் பெருமையையோ கம்பனின் கவிநயத்தையோ எடுத்துரைப்பது வழக்கம். அதற்கேற்ற புலமை உடையவர்கள் இங்கே வீற்றிருக்கிறார்கள். நாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். எனவே இலக்கியத்தை அவர்களிடமே விட்டுவிட்டு, நம் பம்பாய் நகரில், நம் கண் முன்னே நடந்த ஒன்றைப் பற்றிப் பேச இசைவு பெற்றோம். நகரின் பெயர் 1995-லேயே மும்பை என்று மாறிவிட்டது. ஆயினும் நம் காலனிப் பெரியவர்கள் வாயில் அது இன்றும் பம்பாய்தான். அவர்களை முன்னிட்டு நாமும் அவ்வாறே சொல்வதைப் பொறுத்தருள வேண்டும்.

இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சென்ற மாதம் நடந்த செயற்குழுக் கூட்டத்தில், ஆண்டு விழாவின் தொடக்கத்தில் நாம் படித்து வரும் பெயர்ப் பட்டியலை இனி விட்டுவிடலாம் என்று ஓர் அன்பர் சொன்னார். அவர் நல்லவர், சங்கத்திற்காக உழைப்பவர். "நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. குழந்தைகளின் நடனத்திற்கே நேரம் போதவில்லை. அந்தப் பெயர்களைக் கேட்டு இன்றைய பிள்ளைகளுக்கு என்ன விளங்கப்போகிறது? எத்தனை ஆண்டுதான் படிப்பது?" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையசைத்தார்கள். நமக்கு அப்போது விடை சொல்லத் தெரியவில்லை. வீட்டிற்கு வந்து இரவெல்லாம் எண்ணிப் பார்த்ததையே இங்கே சொல்லுகிறோம்.

2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள், புதன்கிழமை. கடல் வழியாகப் பத்துப் பேர் நகருக்குள் வந்தார்கள். நடுக்கடலில் 'குபேர்' என்னும் மீன்பிடி விசைப்படகைக் கைப்பற்றி, அதன் தலைவரைக் கொன்று, பின்னர் ரப்பர்ப் படகில் ஏறி, கொலாபாவை அடுத்த மீனவர் குடியிருப்பின் அருகே கரை இறங்கினார்கள். அங்கிருந்து பிரிந்து சென்றவர்களில் இருவர் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்திற்குள் நுழைந்தபோது இரவு ஒன்பதரை மணி இருக்கும்.

அந்த நிலையத்தைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஊருக்குப் போகும் கோடை விடுமுறைகளில் டிரங்குப் பெட்டியும், தண்ணீர்க் கூஜாவும், வாழையிலையில் கட்டிய புளியோதரையுமாக நாம் அமர்ந்திருந்த கூடம் அது. முன்பதிவு கிடைக்காதவர்களும், மறுநாள் காலை வண்டிக்கு முதல்நாள் இரவே வந்து துண்டை விரித்துப் படுப்பவர்களும் அங்கேதான் இருப்பார்கள். உத்தரப் பிரதேசத்துக் கொத்தனார், பீகாரிலிருந்து வந்த தச்சர், கல்யாணத்திற்கு ஊர் செல்லும் குடும்பம் என்று ஏழை எளியவரே மிகுதி. அவர்கள் நடுவில்தான் அந்த இருவரும் துப்பாக்கியை எடுத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் அந்த ஒரு நிலையத்திலேயே போயின. மூன்று நாட்களில் நகர் முழுவதும் மாண்டவர் 166 பேர்.

ரயில்வேக்காரர் என்ற முறையில் இரண்டொரு சொற்கள். அன்றிரவு அறிவிப்பாளர் அறையில் பணியில் இருந்தவர் விஷ்ணு ஜெண்டே. மாடியிலுள்ள கண்ணாடி அறையிலிருந்து நடப்பதைக் கண்டார். எழுந்து ஓடியிருக்கலாம். அவரோ ஒலிபெருக்கியை விடாமல், புறநகர் வண்டிகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்த பயணிகளை எந்தப் பக்கமாக வெளியேற வேண்டும் என்று இந்தியிலும் மராத்தியிலும் எச்சரித்துக்கொண்டே இருந்தார். குரல் வந்த திசை நோக்கி அவர்கள் சுட்டார்கள். அறையின் கண்ணாடி துளைபட்டது. அவர் உயிர் தப்பினார். அவரால் தப்பியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட வழியில்லை. ரயில்வே பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஜில்லு யாதவ், பழைய காலத்து .303 துப்பாக்கியை வைத்துக்கொண்டு இயந்திரத் துப்பாக்கிக்காரர்களை எதிர்த்துச் சுட்டார். ரயில்வே போலீஸ் ஆய்வாளர் சசாங்க் ஷிண்டே சத்தம் கேட்டு வெளியே வந்தார், மீளவில்லை. பிறகு பணிக்குச் சென்ற நாளில், கழுவி விடப்பட்ட அந்தக் கூடத்தின் தரையில் கால் வைக்க நமக்குக் கூசியது. சுவரில் துளைகள் இருந்தன. பயணச்சீட்டு வரிசை எப்போதும் போல நீண்டிருந்தது.

நிலையத்திலிருந்து வெளியேறிய இருவரும் காமா மருத்துவமனைப் பக்கம் சென்றார்கள். அதன் அருகிலுள்ள குறுகிய சந்தில்தான் ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சாளஸ்கர் ஆகிய மூன்று உயர் அதிகாரிகளும் ஒரே வண்டியில் இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு வண்டியின் பின்புறம் இருந்த காவலர்களும் மாண்டார்கள். அருண் ஜாதவ் என்பவர் மட்டும் காயத்தோடு பிழைத்து, செய்தியைத் தெரிவித்தார். போலீசாரின் வண்டியிலேயே ஏறிச் சென்ற அந்த இருவரும், பின்பு ஒருவரிடமிருந்து வேறொரு காரைப் பறித்துக்கொண்டு மெரின் டிரைவ் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிப் போனார்கள்.

கிர்காவ் சௌபாத்தியில் சாலைத் தடுப்பு வைத்துக் காத்திருந்தார்கள் டி.பி. மார்க் நிலையப் போலீசார். அவர்களுள் ஒருவர்தான் துக்காராம் ஓம்பளே. உதவி சப்-இன்ஸ்பெக்டர். சாதாரா மாவட்டத்தில் கேடம்பே என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். ராணுவத்தின் செய்தித் தொடர்புப் பிரிவில் நாயக் பதவி வரை பணியாற்றி ஓய்வு பெற்று, 1991-இல் பம்பாய்ப் போலீசில் சேர்ந்தவர். நான்கு பெண்களுக்குத் தந்தை. அன்றிரவு அவர் கையில் இருந்தது ஒரு தடி.

நள்ளிரவு கடந்து அந்தக் கார் வந்தது. தடுப்பைக் கண்டதும் ஓட்டியவன் வண்டியைத் திருப்ப முயன்றான். அது சாலையின் நடுத்திட்டில் ஏறி நின்றுவிட்டது. துப்பாக்கிச் சண்டையில் ஓட்டியவன் வீழ்ந்தான். மற்றவன் சரணடைவது போல் பாவனை செய்து கீழே இறங்கினான். அவனை நெருங்கிய ஓம்பளே, அவன் துப்பாக்கியை உயர்த்தக் கண்டதும், அதன் குழலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். குண்டுகள் அவர் உடலிலேயே பாய்ந்தன. பிடியை அவர் விடவில்லை. அந்த நேரத்திற்குள் பின்னாலிருந்த தோழர்கள் பாய்ந்து அவனைப் பிடித்துவிட்டார்கள். பத்துப் பேரில் உயிருடன் பிடிபட்டவன் அவன் ஒருவனே.

உயிருடன் பிடித்ததால் என்ன விளைந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இது நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. வந்தவர்கள் போலி அடையாள அட்டைகளோடு வந்திருந்தார்கள். அவற்றில் இருந்தவை இந்நாட்டுப் பெயர்கள், இந்நாட்டு முகவரிகள். பத்துப் பேரும் பிணமாகியிருந்தால், அவர்கள் யார், எங்கே பயிற்சி பெற்றார்கள், யார் அனுப்பினார்கள் என்று சொல்ல ஒரு வாயும் இருந்திராது. வதந்தியே அந்த இடத்தை நிரப்பியிருக்கும். 1992-93-இல் இந்த நகரம் பட்ட பாட்டைப் பெரியவர்கள் அறிவார்கள். அண்டை வீட்டாரையே சந்தேகித்த நாட்கள் அவை. நம் காலனியிலும் மசூதித் தெருவுக்கும் கோயில் தெருவுக்கும் நடுவே பல வாரங்கள் பேச்சின்றி இருந்தது உண்டு. பிடிபட்டவன் வாய் திறந்ததனால்தான் அவர்கள் பாகிஸ்தானிலிருந்து லஷ்கர்-இ-தொய்பா இயக்கத்தாரால் அனுப்பப்பட்டவர்கள் என்பது ஐயத்திற்கு இடமின்றி வெளிவந்தது. அவன் தங்கள் குடிமகனே என்று 2009 ஜனவரியில் பாகிஸ்தானும் ஒப்புக்கொண்டது. முறைப்படி வழக்கு நடந்தது. அவனுக்காக வாதாட வழக்கறிஞரும் நியமிக்கப்பட்டார். 2010 மே மாதத்தில் தண்டனை விதிக்கப்பட்டது. 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவ்வாண்டு நவம்பர் 21 அன்று புனே எரவாடா சிறையில் நிறைவேற்றப்பட்டது. இவ்வளவும் ஒருவர் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு நின்ற சில நொடிகளிலிருந்து வந்தவை.

இனி நம் காலனிக்கு வருவோம்.

தாஜ் ஓட்டலில் கடைசித் துப்பாக்கி ஓசை அடங்கியது நவம்பர் 29, சனிக்கிழமை காலை. மறுநாள் ஞாயிறு மாலை, யாரும் அழைக்காமலே சங்க அறையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். என்ன பேசுவது என்று எவருக்கும் தெரியவில்லை. நம் நண்பர் ஒருவர் நாளிதழ்களிலிருந்து கர்கரே, காம்தே, சாளஸ்கர் ஆகிய மூவர் படங்களையும் கத்தரித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மாலையிட்டிருந்தார். பெண்கள் வரிசையாக வந்து பூ வைத்தார்கள். அப்போது நான்காம் கட்டடத்து ஆச்சி, எண்பது வயதுக்கு மேலானவர், இப்போது காலமாகிவிட்டார், பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏய்யா, அந்தக் கம்பு வச்சிருந்த மனுசன் படத்த எங்க?" என்று கேட்டார்.

பலகையில் அது இல்லை. ஒருவர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. நாளிதழில் அந்தப் படம் சிறியதாக உள்பக்கத்தில் இருந்தது. தேடி எடுத்து ஒட்டினோம். மற்றப் படங்களின் அருகே அது தபால் தலை அளவே இருந்தது. ஆச்சி அதற்கும் ஒரு பூவை வைத்தார். பூ வைத்ததும் படம் முழுவதும் மறைந்துவிட்டது. "கொஞ்சம் தள்ளி வைங்க ஆச்சி, முகம் தெரியட்டும்" என்று ஒரு சிறுவன் சொன்னான்.

அடுத்த இரண்டு வாரங்களில் திருக்கார்த்திகை. அவ்வாண்டு கொண்டாடுவதா கூடாதா என்று காலனியில் பெரிய விவாதம் எழுந்தது. ஊரே துக்கத்தில் இருக்கும்போது வாணம் கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டனர். விளக்கும் கூடாது என்றார் சிலர். விளக்கு இறைவனுக்கு உரியது, அதைத் துக்கத்தோடு கலக்கலாகாது என்றார் வேறு சிலர். அதற்கும் ஆச்சிதான் வழி சொன்னார். "வரிசையா ஏத்துறத ஏத்துங்க. அதுக்கப்புறம் வாசப்படியில தனியா ஒண்ணு ஏத்துங்க. அது அவங்களுக்கு." அவ்வாறே நடந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அகல் வரிசையிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு விளக்கு எரிந்தது. தெருவில் வந்த மராத்தி அன்பர்கள் நின்று விசாரித்தார்கள். செய்தி அறிந்து, எதிர்க் கட்டடத்தாரும் தங்கள் வாசலில் ஒன்று வைத்தார்கள்.

இத்தகைய நல்ல நினைவுகளை மட்டும் சொல்லிவிட்டு அமர்வது எளிது. ஆனால் அந்த நாட்களுக்கு முன்பு காவலரை நாம் எப்படி நடத்தி வந்தோம்? நாலு பேர் நடுவில் இதைக் கேட்பது கசப்பாகத்தான் இருக்கிறது. இந்த ஊரில் கான்ஸ்டபிளுக்கு 'பாண்டு' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. 1975-இல் தாதா கோண்ட்கேயின் 'பாண்டு ஹவல்தார்' என்ற மராத்திப் படம் வந்து சக்கைப்போடு போட்டது. படத்தில் சிரித்தது தவறில்லை. தெருவில் நிற்கும் மனிதரை அந்தப் பெயரால் அழைத்து நம் பிள்ளைகள் ஓடியதையும் நாம் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தோம். தமிழிலும் நாம் 'போலீஸ்காரன்' என்றோமே தவிர 'போலீஸ்காரர்' என்று சொல்லக் கேட்டது குறைவு. பெண் கொடுக்கத் தயங்கியவர்களும் நம்மில் உண்டு. லஞ்சம் வாங்குபவர் அவர்களில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், நாமே கொடுத்திருக்கிறோம். அதை வைத்து எல்லோரையும் ஓர் எடையில் நிறுத்தத்தான் கூடாது. நம் ரயில்வேயில் மட்டும் அத்தகையவர் இல்லையா?

அவர்கள் வாழ்வு எப்படி என்று நாம் விசாரித்ததில்லை. வர்லியிலும் நய்காமிலும் உள்ள பி.டி.டி. சால்களைப் பார்த்திருப்பீர்கள். 1920-களில் கட்டப்பட்டவை, ஓர் அறை 160 சதுர அடி. அந்த ஓர் அறையில் பெற்றோர், மனைவி, மக்களோடு தலைமுறை தலைமுறையாகக் காவலர் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. பணி நேரமோ பன்னிரண்டு மணி. திருவிழாக் காலத்தில் அதற்கு மேலும். ரயில்வேயில் எங்களுக்கு வேலை நேர விதிகள் உண்டு. ரோஸ்டர் மாறினால் சங்கம் கொடி பிடிக்கும். அவர்களுக்குக் கொடி பிடிக்க வழியில்லை. 2016-ஆம் ஆண்டில்தான் தேவனார் காவல் நிலையத்தில் எட்டு மணி நேரப் பணி என்னும் முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. விநாயகர் ஊர்வலத்தன்று நாம் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறோம். அவர்கள் குடும்பம் அன்று வீட்டில் தனியே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓம்பளேயின் கையில் தடி மட்டும் இருந்ததை வீரத்தின் சின்னமாகப் பாடிவிட்டு நாம் நிம்மதி அடைகிறோம். இயந்திரத் துப்பாக்கி வரும் வழியில் தடியோடு நிறுத்தப்பட்டது ஏன் என்று கேட்பதும் துக்கத்தின் ஒரு பகுதிதான். அன்று நகரக் காவலர் பலரிடம் இருந்தவை தடியும், சென்ற நூற்றாண்டுத் துப்பாக்கியுமே. தாக்குதலுக்குப் பின் மாநில அரசு ராம் பிரதான் தலைமையில் குழு அமைத்தது. 'ஃபோர்ஸ் ஒன்' என்னும் தனிப் படையும் தோன்றியது. நல்லதே. ஆயினும் நம் வீதி முனையில் இரவில் நிற்பவர் கையை நீங்களே போய்ப் பாருங்கள்.

நாடு அவரை மறந்துவிடவில்லை. 2009 ஜனவரி 26 அன்று அவருக்கு அசோக சக்கர விருது அறிவிக்கப்பட்டது. போர்க்களம் அல்லாத இடத்தில் காட்டும் வீரத்திற்கு இதனினும் உயர்ந்த விருது இந்நாட்டில் இல்லை. கர்கரே, காம்தே, சாளஸ்கர் மூவருக்கும் அதே விருதுதான். அறிவிப்புப் பலகையில் தபால் தலை அளவாக இருந்தவர், அரசின் பட்டியலில் அவர்களுக்குச் சமமாக நின்றார். கிர்காவ் சௌபாத்தியில் அவருக்குச் சிலை உண்டு. 2021-இல், தானே-கல்யாண் பகுதியில் கண்டறியப்பட்ட குதிக்கும் சிலந்தி இனம் ஒன்றுக்கு அறிவியலார் 'இசியஸ் துக்காராமி' என்று அவர் பெயரை இட்டார்கள். சிலந்திக்கா பெயர் வைப்பது என்று நம் வீட்டில் கேட்டார்கள். அறிவியலில் இட்ட பெயரை எளிதில் மாற்ற மாட்டார்களாம். தெருப் பெயரை விட அது நீடிக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

டில்லியில் சாணக்கியபுரியில் தேசியப் போலீஸ் நினைவிடம் 2018 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்டது. அந்தத் தேதிக்கும் காரணம் உண்டு. 1959-இல் அதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்தில், கரம் சிங் தலைமையில் எல்லையைப் பார்வையிடச் சென்ற போலீசாரில் பத்துப் பேர் சீனப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அதனால் அக்டோபர் 21 நாடெங்கும் காவலர் வீரவணக்க நாள். அந்த நினைவிடத்துச் சுவரில், விடுதலைக்குப் பின் பணியில் மாண்ட 34,000-க்கு மேற்பட்ட காவலர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. நாட்டின் எல்லா மொழிப் பெயர்களும் அங்கே பக்கம் பக்கமாக நிற்கின்றன.

பெயரைக் கல்லில் வெட்டுவது நமக்குப் புதிதன்று. இலக்கியத்தைத் தொட மாட்டோம் என்று தொடக்கத்தில் சொன்னோம். ஒரே ஒரு முறை தொட்டுக்கொள்ள இசைவு வேண்டும். வீரனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்திப் பாடுவதில் முடிகிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைப் பாருங்கள். இன்ன மன்னனின் இன்ன ஆட்சியாண்டில், இன்ன ஊரில், மாடு பிடிக்க வந்தவரோடு பொருது இன்னான் பட்டான் என்று எழுதியிருக்கும். பட்டவன் பெரும்பாலும் சாதாரண ஆள். அவன் ஊர் மாட்டைக் காத்தான். ஊர் அவன் பெயரைக் காத்தது. மராத்தியரும் இதையே செய்தார்கள், 'வீர்கல்' என்பார்கள். வெகு தூரம் போக வேண்டாம். போரிவிலியில் எக்சர் கிராமத்தில் ஆறு நடுகற்கள் நிற்கின்றன. அவற்றில் கடற்போர்க் காட்சி செதுக்கியிருக்கிறது. துடுப்புகள் நீண்ட கப்பல்கள் வரிசையாகத் தெரியும். லோக்கல் வண்டியில் போய் வரலாம். நம் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்லச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது நமது தனிப்பட்ட விண்ணப்பம்.

இப்போது பெயர்ப் பட்டியலுக்கு வருகிறோம். 2009-ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டி நடந்த ஆண்டு விழாவில்தான் முதன்முதலாக அதைப் படித்தோம். நகரில் பாதுகாப்பு மிகுந்திருந்த காலம். மண்டப வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தியிருந்தார்கள். படித்த இளைஞர் நல்ல குரல் உடையவர். ஆனால் ஆங்கில நாளிதழில் எழுத்துக் கூட்டிக் கற்றவராதலின் 'ஓம்ப்லே' என்றும் 'சலாஸ்கர்' என்றும் படித்துவிட்டார். நமக்கு அது தெரியவில்லை. கைதட்டாமல் எழுந்து நின்று, அமர்ந்தோம், விழா நடந்தது.

இடைவேளையில் அந்தக் கான்ஸ்டபிள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். சுண்டல் வேண்டும் போலும் என்று எண்ணி ஒருவர் தொன்னையை நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு, இந்தியில் மெல்ல, "ஒரு சொல். கோபிக்க மாட்டீர்களே? அவர் பெயர் ஓம்பளே. சாளஸ்கர். இந்திக்காரர்களுக்கு அது வராது. உங்களுக்கு வருமே, உங்கள் பாஷையில் அந்த எழுத்து இருக்கிறதே" என்றார். தமிழரோடு ஒரே சாலில் வளர்ந்தவராம். 'பள்ளி', 'வெள்ளம்', 'தேங்காய்ப் பால் ஆப்பம், வெள்ளிக்கிழமை' என்று தமக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் சொல்லிக் காட்டினார். பார்த்தால் உண்மைதான். மராத்தியில் உள்ள அந்த எழுத்தும் நம் 'ள'கரமும் ஒன்றே. நாக்கை மடித்துச் சொல்லும் அந்த ஒலியை நாம் பிறந்தது முதல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெயரில் மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

அவரை உட்கார வைத்துப் பட்டியலை நீட்டினோம். ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, நாம் தமிழில் எழுதிக்கொண்டோம். அரை மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்த பிறகுதான், அத்தனை ஆண்டுகளாக நம் விழாக்களுக்கு வந்து வாசலில் நின்றவர்கள் எவரிடமும் நாம் பெயர் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவரிடம் கேட்டோம். சொன்னார். மலரில் அச்சிடலாமா என்றதற்கு, "வேண்டாம் சாகேப். பெயர் அச்சாகிற வேலையை நான் இன்னும் செய்யவில்லை. செய்யாமலே ஓய்வு பெற்றால் வீட்டில் மகிழ்வார்கள்" என்று சிரித்தார். அவர் விருப்பப்படியே இங்கும் சொல்லாமல் விடுகிறோம். நல்லபடியாக ஓய்வு பெற்றுவிட்டார். இன்று இரண்டாம் வரிசை ஓரத்தில் மனைவியுடன் அமர்ந்திருக்கிறார்.

அந்தத் தாளை நாம் அலுவலகக் கோப்பைப் போலவே பத்திரமாக வைத்திருக்கிறோம். ஓரங்கள் பழுத்துவிட்டன. செயற்குழு அன்பர் கேட்ட கேள்விக்கு நாம் தேடிய விடை அந்தத் தாளாகத்தான் இருந்தது. படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நேற்றிரவு கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். நிறுத்தி நிதானமாகப் படித்தால் இரண்டு நிமிடத்திற்கும் குறைவு. அந்த இரண்டு நிமிடத்தை நமக்கு அளித்த இருபதிலிருந்து கழித்துக்கொள்ளுமாறு தலைவரிடம் சொல்லிவிட்டோம். குழந்தைகளின் நடன நேரத்தில் கை வைக்கவில்லை.

இவ்வாண்டு படிக்கப்போகும் சிறுமி 2008-க்குப் பின் பிறந்தவள். ஒரு வாரமாக நம் வீட்டிற்கு வந்து பழகியிருக்கிறாள். வாம்மா, இப்படி வந்து ஒலிபெருக்கியின் அருகே நில். அவசரம் வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு மூச்சு விட்டுக்கொள். 'ள' வரும் இடத்தில் நாக்கை நன்றாக மடி. இரண்டாம் வரிசையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவையோர் எழுந்து நிற்குமாறு வேண்டுகிறோம்.

துக்காராம் ஓம்பளே. ஹேமந்த் கர்கரே. அசோக் காம்தே. விஜய் சாளஸ்கர். சசாங்க் ஷிண்டே. அம்பாதாஸ் பவார். பிரகாஷ் மோரே. பாலாசாகேப் போஸ்லே. விஜய் காண்டேகர். ஜெயவந்த் பாட்டீல். யோகேஷ் பாட்டீல். அருண் சித்தே. ராகுல் ஷிண்டே...